குரலால் உழைப்போர்க்கும் உள்ளம் உண்டு

உழைப்பும் உறவும் – தொடர் பகுதி

 

சென்ற இதழில் கடை ஊழியர்களுக்கும் முதலாளிகளுக்கும் இடையே நிலவ வேண்டிய உறவைப் பற்றிச் சிந்தித்தோம். அதனைப் படித்த சகோதரர் ஒருவர் சென்னையிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கால் சென்டர் எனப்படும் தொலைபேசி அழைப்பு மையம் ஒன்றில் இருபது பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராக இருப்பவர். தம் குழுவினரின் முகத்தில் மலர்ச்சி இல்லை. மாதந்தோறும் ஒருவரோ இருவரோ வேலையை விட்டுச் செல்கின்றனர். பிறந்த நாளுக்குக் கேக் வெட்டியாயிற்று. சுவரெங்கும் பலூன் கட்டியாயிற்று. மாதத்தின் சிறந்த ஊழியர் என ஒருவருடைய நிழற்படத்தை மாட்டிப் பரிசுக் கூப்பனும் கொடுத்தாயிற்று. பயன் விளையவில்லை. இவர்களின் உள்ளத்தில் ஊக்கத்தை விதைக்க வழி என்ன என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி அவருடையதாயினும் விடை நம் அனைவருக்கும் உரியது. நம் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் இத்தகைய மையங்களுக்குப் பணிக்குச் செல்கின்றனர். வீட்டிலிருந்தபடியே நாமும் அந்த மையங்களை அழைத்துக் குறை சொல்கிறோம். சிலர் சொந்தமாகவே இத்தகைய அலுவலகங்களை நடத்துகிறோம். ஆக, அந்தக் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் இளைஞனின் உள்ளம் வாடுவதிலும் மலர்வதிலும் நம் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. அப்பங்கு இன்னதென்று தெளிவதே இம்மாதச் சிந்தனை.

பொறுமையே மூலதனம்

1878-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், எம்மா நட் என்னும் பெண்மணி தொலைபேசி இணைப்பகத்தில் பணிக்கு அமர்ந்தார். அப்பணியில் சேர்ந்த முதற் பெண்மணி அவரே. அதற்கு முன் அங்கே இருந்த சிறுவர்கள், அழைத்தவர்களிடம் துடுக்காகப் பேசினார்கள்; வசை மொழியும் வந்தது. எனவே இனிய குரலும் பொறுமையும் உடையவர்களைத் தேடினார்கள். இத்தொழிலின் மூலதனம் கம்பியும் கருவியும் அல்ல, மனிதனின் பொறுமையே என்பது தொடக்க நாளிலேயே தெளிவாகிவிட்டது.

ஆனால் பொறுமை என்பது வற்றாத ஊற்றன்று. நாள் முழுவதும் கல் சுமந்தவனின் தோள் வலிப்பதை நாம் காண்கிறோம், இரங்குகிறோம். நாள் முழுவதும் வசவைச் சுமந்து கொண்டே புன்னகைத்தவனின் நெஞ்சு வலிப்பது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் இதனை ஆராய்ந்து 1983-இல் ஒரு நூல் வெளியிட்டார். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிக்கும் ஊழியர்களையும் கூர்ந்து நோக்கிய அவர், தன் உண்மையான உணர்ச்சியை அடக்கி, முதலாளி விரும்பும் உணர்ச்சியை வரவழைத்துக் காட்டுவதும் ஓர் உழைப்பே என்றார். அதற்கு உணர்ச்சி உழைப்பு எனப் பெயரிட்டார். கோபம் வரும் இடத்தில் குழைவதும், அழுகை வரும் இடத்தில் சிரிப்பதும் கூலிக்குச் செய்யப்படும் வேலையாகி விடும்போது, நாளடைவில் தன் உணர்ச்சி எது, வேலைக்கான உணர்ச்சி எது என்றே மனிதன் தடுமாறுகிறான்.

சகோதரரின் குழுவினர் சோர்ந்திருப்பது சோம்பலால் அன்று. அவர்கள் நாள்தோறும் கொடுக்கும் ஒன்றை எவரும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதே அச்சோர்வின் வேர்.

பரிசு ஏன் பயன் தரவில்லை?

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்னும் உளவியல் அறிஞர் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் பொறியாளர்களும் கணக்காளர்களுமாக 203 பேரிடம், வேலையில் மகிழ்ச்சி பொங்கிய நேரம் எது, வெறுப்பு மேலிட்ட நேரம் எது எனக் கேட்டறிந்து, 1959-இல் முடிவுகளை வெளியிட்டார். குறைந்த சம்பளம், இடர் தரும் பணிச் சூழல், கடுகடுப்பான மேலதிகாரி ஆகியவை வெறுப்பை உண்டாக்கின. இக்குறைகளை நீக்கினால் வெறுப்பு அகலும். ஆனால் அதனாலேயே உள்ளம் மலர்ந்துவிடுவதில்லை. மலர்ச்சி தந்தவை வேறு: ஒன்றைச் செய்து முடித்த நிறைவு, செய்ததைப் பிறர் அறிந்து பாராட்டியது, வேலையின் பயன், தன்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு.

இந்த அளவுகோலால் கேக்கையும் பலூனையும் அளந்து பாருங்கள். இரண்டு வரிசையிலும் அவற்றுக்கு இடமில்லை. சம்பளம் தாமதமாகும் இடத்தில் பலூன் கட்டுவது, பசித்தவனுக்கு அத்தர் பூசுவது போன்றது. கூலியை வியர்வை உலரும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். குறித்த நாளில் முழுச் சம்பளம், உழைத்த கூடுதல் நேரத்துக்கு உரிய ஊதியம், வாக்களித்த ஊக்கத்தொகையில் இல்லாத காரணம் சொல்லிப் பிடித்தம் செய்யாமை – இவை ஊக்கம் அளிக்கும் திட்டங்கள் அல்ல. கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன். கடனை அடைத்த பிறகுதான் அன்பளிப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

பேச்சில் தெளிவும் இத்துடன் சேரும். மத்யன் நகரத்துப் பெரியவர் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்திய வரலாற்றைத் திருமறையின் அல்கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம். எட்டு ஆண்டுகள் என்று தவணையைத் தெளிவாகச் சொன்னார். பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் என்றார். தாம் சிரமம் கொடுக்க நாடவில்லை என்றும் உறுதி அளித்தார். வேலைக்கு எடுக்கும்போது பகல் பணி என்று சொல்லிவிட்டு, மூன்றாம் மாதம் இரவுப் பணிக்கு மாற்றும் நிறுவனத்தார் இந்த ஒப்பந்தத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூச்சு விடும் இடைவெளி

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ.கே. எர்லாங் என்னும் கணித அறிஞர், வந்து குவியும் அழைப்புகளுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை ஆராய்ந்து 1909-இல் தம் முதற் கட்டுரையை வெளியிட்டார். அவர் வகுத்த வழியில்தான் அழைப்பு மையங்கள் இன்றளவும் கணக்கிடுகின்றன. அக்கணக்கில் முதலாளிகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் 100 அழைப்புகள். ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் எனக் கொள்வோம். மொத்தம் 300 நிமிடப் பேச்சு. ஆளுக்கு 60 நிமிடம் என்றால் 5 பேர் போதும் என்று நம் கைக்கணக்கு சொல்லும். ஆனால் அழைப்புகள் வரிசை கட்டி ஒழுங்காக வருவதில்லை. ஒரு நேரம் பத்தாக வரும், ஒரு நேரம் ஒன்றும் வாராது. ஆதலால் 5 பேரைக் கொண்டு நடத்தினால் காத்திருப்போர் வரிசை நீண்டுகொண்டே போகும். 6 பேர் இருந்தால் அழைத்தவர் சராசரியாக ஒன்றே முக்கால் நிமிடம் காத்திருக்க நேரும். 7 பேர் இருந்தால் அரை நிமிடம். 8 பேர் இருந்தால் 10 விநாடியே.

இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். 7 பேர் உள்ள இடத்தில் ஒவ்வொருவரும் மணிக்கு ஏறத்தாழ 43 நிமிடம் பேசுகிறார். மீதி 17 நிமிடம் சும்மா இருப்பதாக முதலாளியின் கண்ணுக்குத் தோன்றுகிறது. ஒருவரைக் குறைத்தால் மிச்சம் என்று எண்ணுகிறார். குறைத்ததும் அழைத்தவர் காத்துக் கிடக்கிறார்; காத்துக் கிடந்தவர் வாய் திறக்கும் முன்பே சினத்தில் இருக்கிறார்; அச்சினம் முழுவதும், ஆளைக் குறைத்த முதலாளியின் மீது விழாமல், அதற்குச் சற்றும் பொறுப்பில்லாத அந்தப் பெண்ணின் காதில் விழுகிறது. வசவு வாங்கிய கையோடு அடுத்த அழைப்பு. இடையே ஒரு மிடறு தண்ணீர் அருந்தவும் நேரமில்லை.

பணியாளர் மீது அவர்தம் ஆற்றலுக்கு மிஞ்சிய சுமையை ஏற்றாதீர்கள், ஏற்ற நேர்ந்தால் நீங்களும் கை கொடுங்கள் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. குழுத் தலைவரான சகோதரர் ஆள் எடுக்கும் அதிகாரம் இல்லாதவராக இருக்கலாம். ஆயினும் இக்கணக்கை மேலிடத்தில் எடுத்துச் சொல்லலாம். அழைப்புகள் குவியும் வேளையில் தாமும் ஒரு காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு வரிசையில் அமரலாம். கடுமையான வசவைக் கேட்ட ஒருவரை ஐந்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வரச் சொல்லலாம். இதற்குப் பணம் ஏதும் செலவில்லை.

இடைவேளையைப் பற்றியும் ஒரு செய்தி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் பென்ட்லாண்ட் ஒரு வங்கியின் அழைப்பு மையத்தில் நடத்திய ஆய்வை 2012-இல் விவரித்தார். அங்கே ஒருவர் மாற்றி ஒருவராகக் காப்பி குடிக்கச் செல்வது வழக்கம். அதனை மாற்றி, ஒரு குழுவினர் அனைவரும் ஒரே நேரத்தில் செல்லுமாறு ஏற்பாடு செய்தார்கள். ஒரு அழைப்பை முடிக்க ஆகும் சராசரி நேரம், பின்தங்கியிருந்த குழுக்களில் 20 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்தது. மையம் முழுவதிலும் 8 விழுக்காடு குறைந்தது. தனித்தனியே குடித்த காப்பி களைப்பை மட்டுமே போக்கிற்று. கூடிக் குடித்தபோது, அப்படிப்பட்ட அழைப்பை நீ எப்படிச் சமாளித்தாய் என்ற பேச்சு பிறந்தது. ஒரு ஸஹனில் கூடி அமர்ந்து உண்ணும் நமக்கு இதன் பயனை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்காக உழைக்கிறோம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நன்கொடை திரட்டுவதற்கென ஓர் அழைப்பு மையம் இருந்தது. முன்னாள் மாணவர்களை அழைத்துப் பொருளுதவி கேட்பதே வேலை. மறுப்பையே மீண்டும் மீண்டும் கேட்கும் சலிப்பான வேலை. ஆடம் கிராண்ட் என்னும் அறிஞரும் அவர்தம் தோழர்களும் அங்கே ஒரு சோதனை செய்து 2007-இல் வெளியிட்டனர். அந்த நன்கொடையால் படிப்பைத் தொடரும் மாணவர் ஒருவரை அழைத்து வந்து, ஒரு குழுவினரோடு ஐந்து நிமிடம் பேசச் செய்தனர். அவ்வளவே. சம்பளம் கூட்டவில்லை; பரிசு அறிவிக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அக்குழுவினர் தொலைபேசியில் உழைத்த நேரம் 142 விழுக்காடும், திரட்டிய தொகை 171 விழுக்காடும் கூடியிருந்தன. அம்மாணவர் எழுதிய கடிதத்தை மட்டும் படித்த மற்றொரு குழுவில் இத்தகைய மாற்றம் தென்படவில்லை.

தன் உழைப்பின் பயனை நுகர்ந்த ஒரு முகத்தை நேரில் கண்டதுதான் அந்த மாற்றத்தின் இரகசியம். பயிர் வைத்தவன் கதிரைக் காண்கிறான்; சட்டை தைத்தவன் அதனை அணிந்தவனைக் காண்கிறான். குரலால் உழைப்பவனோ, தொடர்பு அறுந்ததும் எதையும் காண்பதில்லை. மருத்துவமனையின் அழைப்பு மையமாயின், விரைந்து கிடைத்த வழிகாட்டலால் பயன் பெற்ற நோயாளியின் உறவினர் ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்து வந்து பேசச் செய்யலாம். வங்கியாயின், தொலைந்த அட்டையை உடனே முடக்கியதால் தம் சேமிப்பைக் காத்துக்கொண்ட முதியவரை அழைக்கலாம். பெருநாள் விருந்தைவிட இந்த ஐந்து நிமிடம் நெஞ்சில் தங்கும்.

பாராட்டும் அவ்வாறே. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பது நபிகளார் (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுக்கம். எல்லாரும் நன்றாகச் செய்தீர்கள் என்று பொதுவில் சொல்வது நன்றியாகாது. நேற்றிரவு அந்த முதியவர் மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்டபோதும் நீங்கள் முகம் சுளிக்காமல் விளக்கினீர்களே, அதனை நான் கேட்டேன் என்று பெயரைச் சொல்லி, செயலைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

தவறைத் திருத்தும் முறை

இம்மையங்களில் ஒவ்வொரு பேச்சும் பதிவாகிறது. தவறு நேர்ந்தால் பலர் முன்னிலையில் அப்பதிவை ஒலிக்கச் செய்து பாடம் நடத்தும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஒருவனுடைய குறையைச் சபையில் திறந்து காட்டிவிட்டு அவனிடம் ஊக்கத்தை எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயதிலிருந்து பத்து ஆண்டுகள் பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் சலிப்பைக் காட்டும் சிறு ஒலியைக்கூட அண்ணலார் எழுப்பியதில்லை, ஏன் செய்தாய் என்றோ ஏன் செய்யவில்லை என்றோ கடிந்ததில்லை என்று அவர்களே பிற்காலத்தில் அறிவித்தார்கள். பணியாளை எத்தனை முறை மன்னிப்பது எனத் தோழர் ஒருவர் கேட்டபோது, முதலில் மௌனமாக இருந்த நபிகளார், மீண்டும் கேட்கப்பட்டபோது நாளொன்றுக்கு எழுபது முறை என்று விடையளித்தார்கள். தவறைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது என்பதன்று இதன் பொருள். தனியே அழையுங்கள், நன்றாகச் செய்த ஓர் அழைப்பையும் உடன் வைத்துக் கேட்கச் செய்யுங்கள், எந்த இடத்தில் வழுக்கியது என்பதை அவரே சொல்லட்டும். திருந்துவதற்கு வெட்கம் உதவாது, நம்பிக்கைதான் உதவும்.

நம்பிக்கையின் மற்றொரு பெயர் பொறுப்பு. சிறு தொகையைத் திருப்பிக் கொடுக்கவும், தவறான கட்டணத்தை நீக்கவும் ஓர் எல்லை வரை பணியாளருக்கே அதிகாரம் கொடுத்துப் பாருங்கள். எதற்கும் மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் சொல்லிச் சொல்லியே தம்மைத் தாமே சிறியவராகக் கருதத் தொடங்கியவர்கள் நிமிர்ந்து அமர்வார்கள்.

பொய் சொல்லப் பணிக்காதீர்

நம் வாசகர்களுக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பழுது இன்று சரியாகாது என்று தெரிந்தே, இன்னும் அரை மணியில் சரியாகிவிடும் எனச் சொல்லுமாறு எழுதிக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. வாங்க வேண்டாத பொருளை, இன்றே கடைசி நாள் என்று கூறித் தலையில் கட்டச் சொல்லும் இடங்களும் உண்டு. ஈமானுள்ள ஒரு பிள்ளைக்கு இதைக் காட்டிலும் மனச்சோர்வு தருவது வேறில்லை. கை கூசும் வேலையைச் செய்துவிட்டுத் தொழுகை விரிப்பில் நிற்பவனின் உள்ளம் என்ன பாடுபடும்? நாளொன்றுக்கு நூறு முறை உண்மைக்கு மாறாகப் பேச வைத்துவிட்டு, ஊக்கமூட்டும் பேச்சாளரை அழைத்துச் சொற்பொழிவு நிகழ்த்துவதில் பயனில்லை. எழுதிக் கொடுக்கும் வாசகத்திலிருந்து பொய்யை நீக்குங்கள்; ஊக்கத்தின் பாதி அப்போதே வந்துவிடும்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், மேலைநாட்டு அழைப்புகளை ஏற்ற நம் நாட்டு மையங்கள் பலவற்றில், பணியாளருக்கு ஆங்கிலப் பெயர் சூட்டும் வழக்கம் பரவியிருந்தது. அகீகா கொடுத்து, காதில் பாங்கு சொல்லி, வாப்பாவும் உம்மாவும் ஆசையோடு வைத்த பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்! பெயரை மாற்றச் சொல்லும் இடத்தில் மனிதன் கருவியாகிறான். பெயரைத் திருத்தமாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளும் மேலாளர் அவனை மீண்டும் மனிதனாக்குகிறார்.

இரவும் தொழுகையும்

கோடைகாலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது சென்னையில் மாலை 6.30. அங்கே அலுவலகம் திறக்கும் நேரம், இங்கே மஃக்ரிபு வேளை. ஒன்பது மணி நேரப் பணி முடியும்போது பின்னிரவு 3.30. நோன்புக் காலமாயின் அது ஸஹர் நேரம். மஃக்ரிபுக்குப் பத்து நிமிடம், இஷாவுக்குப் பத்து நிமிடம், ஸஹர் உணவு உண்டுவிட்டுப் புறப்பட வசதி, ஓர் ஓரத்தில் தூய்மையான இடம் – இவற்றைத் தாமே முன்வந்து ஏற்பாடு செய்யும் குழுத் தலைவர், அந்தப் பணியாளரின் விசுவாசத்தை விலை கொடுக்காமல் பெற்றுவிடுகிறார். முஸ்லிம் அல்லாத சகோதரர்களுக்கும் அவரவர் நோன்பிலும் பண்டிகையிலும் இதே கண்ணியத்தை நாம் அளிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரவைப் போர்வையாகவும் பகலைப் பிழைப்புக்காகவும் அமைத்ததாக இறைமறை நமக்கு உணர்த்துகிறது. இவ்வியற்கைக்கு மாறாக உழைப்பதன் கேட்டை மருத்துவமும் உணர்ந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல், உடலின் கால ஒழுங்கைக் குலைக்கும் முறைப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது; 2019-இல் இரவுப் பணியை மீண்டும் ஆராய்ந்தபோதும் அதே வரிசையில் வைத்தது. எனவே இரவுப் பணியில் இருப்போருக்கு நிலையான நேரமும், அடிக்கடி மாறாத பணிமுறையும், வாசல் வரை கொண்டுவந்து விடும் வாகனமும் சலுகையல்ல, உரிமை.

வீட்டாரின் பங்கு

அப்படியானால் வீட்டிலிருந்தே வேலை செய்துவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. சீனாவின் ஷாங்காய் நகரில் ஒரு பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் இதனைச் சோதித்துப் பார்த்தார்கள். நிக்கோலஸ் புளூம் என்னும் பொருளியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2010 இறுதியில் தொடங்கி ஒன்பது மாதம் நடத்திய இச்சோதனையில், முன்வந்த 249 பேரில் ஒரு பகுதியினர் வீட்டிலிருந்து பணியாற்றினர். அவர்களின் பணித்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது. வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாயிற்று. எனினும் சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது, அவர்களில் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பினர். தனிமையே அவர்கள் சொன்ன முதன்மையான காரணம். வீடு வசதியைத் தரும், தோழமைக்கு மாற்றாகாது. ஆதலால் வீட்டிலிருந்து பணிபுரியும் பெண்மக்களின் அறைக் கதவை மூடிவிட்டால் கடமை முடிந்தது என எண்ணாதீர்கள்.

இரவுப் பணி முடித்து ஃபஜ்ரு நேரத்தில் வந்து சேரும் பிள்ளைக்குப் பகல்தான் இரவு. வீட்டுப் பெரியவர்கள் இதனைச் சற்று எண்ண வேண்டும். காலை பத்து மணிக்கு இன்னும் என்ன உறக்கம் என்று போர்வையை இழுக்காதீர்கள். பாத்திரம் கழுவும் ஓசையும், தொலைக்காட்சியின் சப்தமும், விருந்தாளியின் வருகையும் அந்த உறக்கத்தைப் பறிக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். போனில் பேசுவதெல்லாம் ஒரு வேலையா என்று ஏளனம் செய்யாதீர்கள். சென்ற மாத மின் கட்டணமும், தம்பியின் கல்லூரிக் கட்டணமும் அந்தக் குரலிலிருந்துதான் வந்தன.

இரவில் பணிக்குச் சென்று வரும் பெண்மக்களைப் பற்றி ஊரார் பேசும் வீண் பேச்சுக்கு நாம் செவி கொடுக்கலாகாது. ஐயங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுமாறு கட்டளையிடும் மார்க்கம் நம்முடையது. அலுவலகத்தில் முகம் தெரியாதவர்களிடம் வசவு வாங்கி வருபவள், தெருவில் முகம் தெரிந்தவர்களிடம் பழியும் வாங்க வேண்டுமா?

நாமும் அழைக்கிறோம்

இறுதியாக, நம்மைப் பற்றி. மின்சாரம் இல்லை, எரிவாயு வரவில்லை, வங்கியில் பணம் பிடித்துவிட்டார்கள் என்று நாம் அழைக்கிறோம். குற்றம் செய்தவர் எங்கோ இருக்கிறார். தொலைபேசியில் கிடைத்தவர் மீது நம் கோபம் பாய்கிறது. நம் பெயர் அவருக்குத் தெரியும். நம் முகம் தெரியாது. முகம் தெரியாது என்னும் துணிவில், நேரில் சொல்ல நாணும் சொற்களை நம் நாவு சொல்லிவிடுகிறது. பக்கத்தில் அமர்ந்து நம் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை ஒரு மனிதரை அவருடைய தாயைச் சுட்டி இழித்துப் பேசிவிட்டார்கள். செய்தி அறிந்த நபிகளார் (ஸல்) அவர்கள், அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் எஞ்சியிருக்கிறதே எனக் கடிந்து, பணியாளர்கள் நம் சகோதரர்களே, நாம் உண்பதையும் உடுப்பதையும் அவர்களுக்கும் அளிக்க வேண்டும் என்று உணர்த்தினார்கள். அன்று முதல் அபூதர் (ரலி) அவர்களின் வாழ்வே மாறியது. பிற்காலத்தில் ரபதா என்னும் ஊரில் அவர்களைக் கண்டவர்கள், அவர்களும் அவர்களுடைய பணியாளும் ஒரே வகை ஆடை அணிந்திருந்ததைக் கண்டு வியந்து காரணம் கேட்டார்கள். விடையாக அந்த நிகழ்ச்சியைத்தான் சொன்னார்கள். ஒரு வசைச்சொல்லின் கழுவாய், வாழ்நாள் முழுவதும் நீண்ட சமத்துவமாக மலர்ந்தது.

ஆகவே அடுத்த முறை அழைக்கும்போது, குறையைத் தெளிவாகச் சொல்லுங்கள். உரிமையை விட்டுக் கொடுக்காதீர்கள். ஆனால் குரலை உயர்த்தாதீர்கள். மறுமுனையில் இருப்பவர் பெயர் சொன்னால் அப்பெயரால் அழையுங்கள். வேலை முடிந்ததும் நன்றி சொல்லி வையுங்கள். அவர்தம் நாளின் நூறு அழைப்புகளில் அந்த ஒன்று நினைவில் நிற்கும்.

கடிதம் எழுதிய சகோதரருக்கு நாம் சொல்வது இதுவே: கடனைத் தீருங்கள், சுமையைக் குறையுங்கள், பயனைக் காட்டுங்கள், தவறைத் தனியே திருத்துங்கள், பொய்யிலிருந்து காப்பாற்றுங்கள். இத்தனையும் செய்த பிறகு கேக் வெட்டுங்கள், அது இனிக்கும்.

பிறர் உள்ளத்தை நோகடிக்காத நாவையும், உழைப்பவரின் அருமையை உணரும் நெஞ்சையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

அடுத்த இதழில், வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிகளின் உரிமைகளைப் பற்றிச் சிந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.